ஒவ்வொரு பெயராக நீக்கினேன்

மகனே, 'அன்புள்ள' என்று தொடங்க இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. உன் அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய், அதிலும் என்னை 'அந்தம்மா' என்கிறாய். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அந்தக் குரூப்பைத் திரும்பத் திறக்காவிட்டால் நான் மேடைக்கு வரவேண்டாம், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி. பெற்றவளுக்குப் பந்தியில் ஓர் இலையாவது ஒதுக்கினாயே, அதுவரைக்கும் சந்தோஷம். தபாலில் அனுப்பினால் இதைப் பிரிக்காமலே கிழித்துப் போடுவாய் என்று தெரியும். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் அச்சடிக்கக் கொடுக்கிறேன். பயப்படாதே, யார் பேரும் இதில் இல்லை. உன் பேர் இல்லை, அந்தப் பெண்ணின் பேர் இல்லை, அவள் ஊர்ப் பேரும் இல்லை. பேரையும் ஊரையும் எழுதிவைத்து நான் பட்டதும் படுத்தியதும் போதும்.

குரூப்பை ஆரம்பித்தவள் நான்தான். அதை மறைத்துவிட்டு உன்னை மட்டும் திட்டினால் என் வாய் அழுகிப்போகும். குரும்பலூரில் இந்த ஜெராக்ஸ் கடையைப் போட்ட நாளிலிருந்து நம் சனத்தில் யாருக்குப் பெண் பார்த்தாலும் மாப்பிள்ளை பார்த்தாலும் விவரத் தாள் அடிக்க என்னிடம்தான் வருவார்கள். ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு பெண் இருக்கும், அரியலூரில் அதற்குத் தோதான பையன் இருப்பான், இரண்டு வீட்டுத் தாளும் என் கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. நடுவில் தரகர் ஒருவர் பொய் சொல்லிக்கொண்டிருப்பார். இவர்களையெல்லாம் ஓர் இடத்தில் சேர்த்தால் என்ன என்று நான் கேட்டபோது, நீதான் என் போனை வாங்கி அந்த ஆப்பில் எனக்குக் கணக்குத் திறந்து, குரூப் உண்டாக்கி, 'நம்ம சொந்தங்கள்' என்று பேர் வைத்துக் கொடுத்தாய். அப்போது நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். அன்று சாயங்காலம் முழுக்க எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய். அந்தப் பிள்ளையை எனக்கு இன்னமும் பிடிக்கும்.

குரூப் வளர்ந்தது, எனக்குத் தலைக்கனமும் வளர்ந்தது. சேர வருகிறவர்களுக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். என்ன வகையறா, எந்தக் குலதெய்வம், எந்த ஊர், எந்தத் தெரு, வீட்டில் எத்தனை பேர், பெண் என்ன படிக்கிறாள், எங்கே வேலை பார்க்கிறாள், எல்லாம் எழுத வேண்டும். கூடவே குடும்பப் போட்டோ ஒன்று போட வேண்டும். எழுதாதவரைச் சேர்க்க மாட்டேன். பொய்யான ஆள் யாரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது, பங்காளி முறையில் தெரியாமல் சம்பந்தம் வைத்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை கெடுபிடி. அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மையில் இன்ஸ்பெக்டர் மாதிரி நாலு கேள்வி கேட்பதில் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது. கல்யாண வீடுகளில் 'அட்மின் அக்கா வந்துட்டாங்க' என்று நாற்காலி போட்டார்கள். உன் அப்பா சிமெண்டு லாரி ஓட்டி இத்தனை வருஷத்தில் வாங்காத மரியாதையை நான் போனைத் தட்டியே வாங்கினேன். யாராவது புகழ்ந்தால் மண்டைக்குள் காற்று ஏறிவிடுகிறது. எனக்கும் ஏறியது.

இனி அந்தப் பெண்ணின் கதை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா குரூப்பில் சேர விவரம் எழுதி அனுப்பினார். மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள் என்று மட்டும் எழுதியிருந்தார். 'தங்கியிருக்கும் இடம் எழுதவில்லை' என்று நான் திருப்பி அனுப்பினேன். பாவம், விவசாயி, விவரம் தெரியாதவர். மறுநாளே ஒழுங்காக எழுதி அனுப்பினார். கூடப் படிக்கிற தோழியின் வீட்டில் தங்கியிருக்கிறாள் என்று தோழியின் பேர், அவள் அப்பா பேர், தெரு, எதிரில் என்ன கடை, எல்லாம் இருந்தது. 'இப்போது சரி' என்று நான் பச்சை டிக் போட்டேன். அந்த வரியை அந்த மனுஷன் தானாக எழுதவில்லை. எழுத வைத்தவள் நான்.

இந்த வருஷம் மாசியில் அந்தப் பெண் வேறு சனத்துப் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இரண்டு பேரும் வயது வந்தவர்கள், இரண்டு பேரும் சம்பாதிக்கிறார்கள். அவள் அண்ணன் நம் குரூப்புக்கு அவள் போட்டோவை அனுப்பி, 'எங்கள் தங்கையைக் காணவில்லை, பார்த்தவர்கள் தகவல் கொடுக்கவும், முடிந்தவரை பகிரவும்' என்று போட்டான். கல்யாணம் செய்துகொண்டாள் என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் ஏதோ பஸ் ஏறிப்போன பிள்ளை, யார் கையில் சிக்கியதோ என்று பதறினேன். யோசிக்கவே இல்லை, அப்ரூவ் பண்ணினேன். 'சீக்கிரம் கிடைக்க வேண்டும்' என்று கீழே கும்பிடுகிற இரண்டு கையையும் போட்டேன். அதுதான் நான் செய்த பாவம், அதற்கு நானே பொறுப்பு. ஆனால் மகனே, உனக்கு விஷயம் தெரியும். அந்த அண்ணன் உன் கூட்டாளி. ஓடிப்போனவளைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தே நீ பழைய பதிவுகளைத் தோண்டினாய். அவள் அப்பா எழுதிய அந்த வரியைக் கண்டுபிடித்துக் கீழே போட்டவன் நீ. 'பழைய தோழி வீட்டுலதான் இருப்பா, தெரு இருக்கு, கார் இருக்கு, யார் யார் வர்றீங்க' என்று நீ எழுதியதை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? ஒரு எழுத்துப் பிழை கூட இல்லை. பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் நீ எங்கேயோ போயிருப்பாய்.

அங்கேதான் இருந்தார்கள். பையனுக்கு இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. பெண்ணைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் அடைத்தார்கள். வேலை போனது, போனை உடைத்தார்கள். வீட்டுக்கு வந்து நீ மூன்று தோசை சாப்பிட்டாய். 'பொண்ண மீட்டுட்டோம்மா' என்றாய். குரூப்பில் நானூறு பேர் எனக்கு நன்றி எழுதியிருந்தார்கள். பையனின் கை விஷயம் எனக்கு அப்போது தெரியாது, நானும் பெருமையாக இன்னொரு தோசை வார்த்துப் போட்டேன். இன்றைக்கு அந்தத் தோசைக்கல்லைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஒரு மாசம் கழித்து அவளை என் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆதார் அட்டையில் ஏதோ திருத்தம் என்றார்கள். அண்ணி ஒருத்தி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கழுத்தில் தாலி இல்லை. நான் அவளை அன்றுதான் நேரில் பார்க்கிறேன், அவள் என்னைப் போட்டோவில் பார்த்திருக்கிறாள். அண்ணி போட்டோ எடுக்கும் சீட்டு வாங்கப் பக்கத்து மேஜைக்குத் திரும்பிய நேரத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எங்கப்பா அந்த அட்ரஸ எழுதலங்க. நீங்கதான் கேட்டு வாங்குனீங்க."

அவ்வளவுதான். அழவில்லை, சாபம் கொடுக்கவில்லை. பையனின் கை முறிந்ததையும் அவள்தான் சொன்னாள், அதுவும் யாரோ ஒருவருக்கு நடந்த மாதிரி. மூன்று ஜெராக்ஸ் எடுக்க வேண்டியதற்கு ஏழு எடுத்துவிட்டேன். அன்றைக்கே நான் குரூப்பை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. நாற்காலி போடுகிறார்களே, அந்த ஆசை விடவில்லை. உன் கல்யாணம் முடியட்டும், நாலு பேரை அழைக்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். இதையும் நீ படித்துக்கொள்.

பிறகு ஆனியில் அவள் இரண்டாவது தடவை போய்விட்டாள். எப்படிப் போனாள் என்று எனக்குத் தெரியாது. அன்று காலை பத்தரை மணிக்கு அதே அண்ணன், அதே போட்டோ, அதே 'காணவில்லை'. அப்ரூவ் பண்ணச் சொல்லி என் போனில் வந்து நிற்கிறது. ஐந்து நிமிஷத்தில் நீ அரியலூரிலிருந்து கூப்பிட்டாய்.

"அம்மா, சீக்கிரம் அப்ரூவ் பண்ணு. நேரமாவுது. இந்தத் தடவ விட்டா புடிக்க முடியாது."

"புடிச்சு என்னடா பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அது எங்க வேல, நீ பட்டன அமுக்கு" என்றாய். உன்னைப் பெற்று இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. உன் பேச்சைக் கேட்டு நான் பயந்தது அன்றைக்குத்தான்.

உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். பிளஸ் டூவில் நீ இரண்டு பாடத்தில் தோற்று, ரிசல்ட் வந்த அன்றே வீட்டை விட்டு ஓடினாயே. உன் அப்பா பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தேடினார். நீ வரதராஜன்பேட்டையில் உன் சிநேகிதன் வீட்டில் இருந்தாய். அவன் அம்மா அன்று மத்தியானமே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்கள். நான் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. உன் அப்பா கோபம் ஆறி, பெல்ட்டை ஆணியில் மாட்டி, 'புள்ள சாப்டானோ என்னவோ' என்று சொன்ன பிறகுதான் இடத்தைச் சொன்னேன். ஓடுகிறவன் இருக்கும் இடத்தை, துரத்துகிறவனின் கோபம் தணிகிறவரை சொல்லக் கூடாது. இது எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. உனக்காக நான் செய்தது அது. ஊரான் பெற்ற பெண்ணுக்கு நான் செய்யத் தவறியதும் அதுதான்.

அதனால் அன்று பட்டனை அமுக்கினேன், நீ சொன்ன பட்டனை அல்ல. இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல ஏதாவது ஒரு குரூப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கும் உதவட்டும், அதனால் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். கோபத்தில் சட்டென்று நான் வெளியேறியிருந்தால் குரூப் அப்படியே இருக்கும், அடுத்த அட்மினான உன் கைக்குப் போயிருக்கும். கொள்ளியைக் குரங்கு கையில் கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. முதலில் உன் அட்மின் பதவியை எடுத்தேன், அடுத்து உன்னையே குரூப்பிலிருந்து எடுத்தேன். புதிதாக யாரும் எதுவும் போட முடியாதபடி பூட்டினேன். பிறகு பாஸ்வேர்டை மாற்றினேன். என் கணக்கு எந்தெந்தப் போனில் திறந்திருக்கிறது என்று பார்த்தால் உன் போனும் இருந்தது, உன் பழைய போனும் இருந்தது, நீ வேலை பார்க்கிற ஆபீஸ் கம்ப்யூட்டரும் இருந்தது. ஏழு வருஷமாக என் வீட்டுச் சாவி உன் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் லாக் அவுட் செய்தேன். நம் குடும்பப் போட்டோக்களை மட்டும் இறக்கிப் பென் டிரைவில் வைத்தேன். மிரட்டி எழுதியவர்களின் வார்த்தைகளையெல்லாம், தேதியும் பேரும் தெரிகிற மாதிரி, என் சொந்தப் பிரிண்டரில் தாள் தாளாக எடுத்தேன். அழித்த பிறகு 'நான் அப்படி எழுதவே இல்லை' என்று எல்லோரும் உத்தமர் ஆகிவிடுவார்கள் அல்லவா.

அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. அந்த ஆப்பில் குரூப்பை ஒரே தட்டில் அழிக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. உள்ளே இருக்கிற ஒவ்வொருவரையும் தனித்தனியாக நீக்கி, கடைசியில் நான் வெளியேற வேண்டும். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பேர். கடைக்கு வருகிறவர்களுக்கு ஒரு கையால் ஜெராக்ஸ், மறு கையால் நீக்கம். நாலு நாள் ஆனது. நம் சனத்தில் பேரை எடுப்பது என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். தள்ளி வைத்துவிட்டார்கள் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். உன் சின்ன மாமனார் முறை ஆகிறவர் வெயிலில் மொபெட்டில் வந்து, "நான் என்ன தப்பு பண்ணேன், ஊர் கூடிப் பேசாம என்னய எப்படித் தள்ளி வெப்பீங்க" என்று கடை வாசலில் சத்தம் போட்டார். எல்லோரையும்தான் எடுக்கிறேன், என்னையும் சேர்த்து என்றேன். அவருக்கு உடனே சமாதானம் ஆகிவிட்டது. மற்றவர்களும் இல்லை என்றால் தனக்கும் வேண்டாமாம். ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். உன் அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள், "நீ ஆரம்பிச்ச, நீயே முடி" என்றார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, அதுவே எனக்குப் பெரிய துணை.

அந்தக் கம்பெனிக்கும் எழுதிப் பார்த்தேன். அண்ணன்காரன் குரூப்பில் நடக்காததால் தன் சொந்தப் பக்கத்தில் அவள் போட்டோவைப் போட்டான். அதைப் புகார் செய்தேன். தங்கள் விதிமுறைகளுக்கு அது விரோதமாக இல்லை என்று பதில் வந்தது. எவள் ஓடினால் அவர்களுக்கென்ன, எவன் துரத்தினால் என்ன, நாலு பேர் நின்று பார்த்தால் போதும். சண்டை நடக்கிற இடத்தில் கூட்டம் கூடும் என்று கடை போட்டவர்கள் அவர்கள். அங்கே நானும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேனே என்றுதான் வெட்கமாக இருக்கிறது. என் கணக்கையும் அழிக்கச் சொல்லிக் கொடுத்தேன். முப்பது நாள் பொறுப்பார்களாம். அதற்குள் யாராவது உள்ளே நுழைந்தால், குடும்பங்கள் எனக்குத் தனியாக அனுப்பிய விவரமெல்லாம் பழையபடி உயிரோடு வந்துவிடும்.

நீ அதற்குத்தான் அலைகிறாய் என்று எனக்குத் தெரியாதா? போன வாரம் மத்தியானம் கடையில் இருக்கும்போது என் போனுக்கு ஓடிபி வந்தது. ஒன்று இல்லை, அடுத்தடுத்து நாலு. பின்னாலேயே நீ கூப்பிட்டாய். பதினோரு நாளாகப் பேசாதவன் குரலில் அத்தனை தேன். "அம்மா, ஒனக்கு ஒரு நம்பர் வந்துருக்கும், அதக் கொஞ்சம் சொல்லேன்" என்றாய். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று ஏமாற்றுகிறவன் கூட முதலில் வணக்கம் சொல்வான். நான் போனை வைத்துவிட்டேன். கணக்கு அழிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. ஓடிபி வருகிற என் போனை அதுவரை யார் கையிலும் கொடுப்பதில்லை, வீணாக முயற்சி செய்யாதே. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று என்னைக் கேட்டுப் புண்ணியமும் இல்லை. எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்றே யாரிடமும் கேட்கவில்லை.

இனி நான் சொல்லப்போவதை நின்று படி. பிரிண்ட் எடுத்த தாள்களை அந்தப் பெண்ணுக்காக வழக்கு நடத்துகிற வக்கீலம்மாவிடம் பெரம்பலூரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுப்பதற்கு முன் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு தாளை மட்டும் உருவி என் பைக்குள் வைத்தேன். நீ எழுதியது இருக்கிற தாள். ஊர்ப்பிள்ளைகள் பதினாறு பேரைக் காட்டிக் கொடுத்துவிட்டு என் பிள்ளையை மட்டும் ஒளித்தேன். எனக்கு நியாயம் பேசுகிற யோக்கியதை இல்லை என்று நீ சொல்லலாம், அது உண்மை. ஆனால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. வக்கீலம்மாவிடம் நீயே போய் நடந்ததைச் சொல். உன் வாயால் சொல்ல வேண்டியது அது. ஆவணி பிறக்கும்வரை பொறுப்பேன். போகாவிட்டால் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிற படத்திலிருந்து என் பிரிண்டரில் இன்னொரு பிரதி எடுத்து நானே கொண்டுபோவேன்.

இன்னொரு பிரதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்தத் தாள் இப்போது என்னிடம் இல்லை. போன வெள்ளிக்கிழமை, நம் குரூப் வழியாகவே அமைந்த, நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பார்க்கப் போனேன். முகூர்த்தப் புடவை ரவிக்கைக்கு அளவு கேட்க வந்திருக்கிறேன் என்று அவள் வீட்டில் பொய் சொன்னேன். அவளைத் தனியாகக் கூப்பிட்டு அந்தத் தாளைக் கையில் கொடுத்தேன். நம் வீட்டுக்கு வரப்போகிறவள், நம் வீட்டில் இருப்பவன் யார் என்று தெரிந்துகொண்டு வரட்டும், வரவில்லை என்றாலும் சரி. அவள் நின்றபடியே படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள். உன் பேர் இருக்கிற இடத்தில் விரலை வைத்தாள். இது உண்மையா என்று கேட்பாள், ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்பாள் என்று பதில்களை வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவள் அதில் எதையும் கேட்கவில்லை. தாளை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள்.

"அத்த, அந்தக் குரூப்புல என் அட்ரஸு, நான் தங்குற எடம், அதெல்லாம் இன்னும் இருக்குங்களா?"

"இல்லம்மா," என்றேன். "மொதல்ல அழிச்சதே ஒன்னுதுதான்."